கடைமடை மண்ணுக்கு ஒரு மான்ஸ்டர் டிரக்: மேம்பாட்டுப் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

உயர்ந்த அடிச்சட்டமும், உடலுக்குப் பொருந்தாத அளவு பெரிய சக்கரங்களும், நீண்ட ஷாக்குகளும் கொண்டு, கையிலுள்ள ரிமோட்டின் ரேடியோ அலையால் இயங்கும் மாதிரி வண்டிக்கு மான்ஸ்டர் டிரக் என்று பெயர். இதன் மூலவடிவம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பகுதியில் 1970-களில் பாப் சாண்ட்லர் என்பவர் தம் ஃபோர்டு டிரக்கில் செய்த மாற்றங்களிலிருந்து பிறந்தது. பெரிய சக்கரம் பூட்டியதும் அச்சு உடைந்தது, அச்சை வலுப்படுத்தியதும் அதைச் சுழற்ற இன்னும் ஆற்றல் தேவைப்பட்டது, ஆற்றலைக் கூட்டியதும் வேறொரு பாகம் உடைந்தது. இப்படி ஓயாமல் உடைவதற்கு ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அவருடைய ‘பெரிய கால்’தான் காரணம் என்று உடன் இருந்தவர் கேலி செய்ததே ‘பிக்ஃபுட்’ என்று அந்த வண்டிக்குப் பெயராயிற்று. ஜப்பானின் தமியா நிறுவனம் 1986-இல் பிளாக்ஃபுட், 1987-இல் கிளாட் பஸ்டர் ஆகிய மாதிரிகளை வெளியிட்டு இவ்வகை வண்டிகளைப் பொழுதுபோக்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாண்ட்லரின் வண்டியில் பழுது ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்கு இடம்பெயர்ந்த அதே வரிசைதான் இன்றும் ஒவ்வொரு மாதிரி வண்டியிலும் நிகழ்கிறது என்பதால், மேம்பாட்டுப் பாகம் வாங்குவோர் அந்த வரிசையை முன்கூட்டியே கணித்து வாங்க வேண்டும் என்பதே இக்கட்டுரை விளக்கும் முறை. எடுத்துக்கொள்ளப்பட்ட வண்டி, உண்மை வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவுடைய மின் வண்டி. எடுத்துக்கொள்ளப்பட்ட நிலம், தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணி வட்டாரம்.

முதற் படி: நிலத்தை அறிதல்

பேராவூரணி கல்லணைக் கால்வாயின், அதாவது உள்ளூர் வழக்கில் புதாற்றின், கடைமடைப் பகுதி. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் பாசனத்துக்கு வந்த இப்புதிய டெல்டாவின் மண், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பழைய டெல்டாவின் கனத்த களிமண்ணைப் போன்றதன்று. பெரும்பாலும் செம்மண்ணும் மணல் கலந்த இலகு மண்ணுமாக இருக்கும். களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியின் எடையைக் கூட்டி மோட்டாரைச் சூடாக்குகிறது. மணல் கலந்த செம்மண்ணோ அப்பாமல் உதிர்ந்தாலும், நுண்துகளாகப் பேரிங்குக்குள் நுழைந்து உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. ஆகவே மன்னார்குடி வயலில் ஓடும் வண்டிக்கும் பேராவூரணித் தோப்பில் ஓடும் வண்டிக்கும் முதலில் மாற்ற வேண்டிய பாகம் ஒன்றாக இருக்க இயலாது.

இவ்வட்டாரத்துக்கே உரிய இன்னொரு எதிரி தேங்காய் நார். தோப்புகளிலும் மட்டை உரிக்கும் களங்களிலும் சிதறிக்கிடக்கும் நார், சுழலும் அச்சில் சுற்றிக்கொண்டு, ஓட ஓட இறுகி, பேரிங்கின் ஓர உறையை அறுத்து உள்ளே புகும். வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இதற்கு மாற்றுச் சொல்லப்படவில்லை என்றால் அங்கே தோப்பு இல்லை என்பதே காரணம். மூன்றாவது எதிரி உப்பு. சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் கடற்கரைக்குப் போகும் வண்டியின் எஃகுத் திருகுகள் துருப்பிடிக்கும், அலுமினியம் வெண்பூத்துப்போகும். அங்கே ஓட்டும் எண்ணம் இருந்தால் திருகுகளைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றிவிடுவது நல்லது. ஆனால் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகுத் திருகு கடினமாக்கப்பட்ட கருந்திருகைவிட மென்மையானது, தலைக்குழி எளிதில் மழுங்கும் என்பதையும் அறிந்தே மாற்ற வேண்டும்.

பருவமும் கணக்கில் சேரும். சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்களில் தாள் நிற்கும் வறண்ட வயலே வண்டிக்கு ஏற்ற களம். சித்திரை வெயிலில் காற்றே 38, 40 பாகை செல்சியஸைத் தொடும்போது மோட்டார் குளிர்வதற்கான வாய்ப்பு குறைந்துவிடுகிறது. பயிர் நிற்கும் வயலிலும் நாற்றங்காலிலும் வண்டியை இறக்கக் கூடாது என்று இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-இல் கரை கடந்த கஜா புயலில் வீழ்ந்த மரங்களுக்கு மாற்றாக நடப்பட்ட தென்னங்கன்றுகளின் வட்டப்பாத்தி வரப்பு, வண்டி தாவுவதற்கு எவ்வளவு பொருத்தமான மேடாகத் தோன்றினாலும், அதற்கும் அதே விதிதான்.

இரண்டாம் படி: உடைய விட வேண்டிய பாகத்தைத் தீர்மானித்தல்

கருவிகளைச் சுழற்றும் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டுடன் இணைக்கப்படும் கருவிகளில் ஷியர் போல்ட் என்னும் மலிவான போல்ட் ஒன்று இருப்பதை உழவர் அறிவர். கருவி கல்லிலோ வேரிலோ சிக்கினால் அந்தப் போல்ட் அறுந்து, விலையுயர்ந்த கியர்ப் பெட்டியைக் காப்பாற்றும். அறுந்துகொண்டே இருக்கிறதே என்று எரிச்சலுற்று அதற்குப் பதிலாகக் கடினமான போல்ட்டைப் போட்டவர் பின்னர் கியர்ப் பெட்டிக்குச் செலவழிப்பார். மாதிரி வண்டியின் மேம்பாடு முழுவதற்கும் இதுவே இலக்கணம். எந்தப் பாகத்தையும் வலுப்படுத்துமுன், அது தாங்கிக்கொண்ட அடி அடுத்து எங்கே போகும் என்று கேட்க வேண்டும். அந்த அடுத்த பாகம் விலை கூடியதாகவோ கழற்றக் கடினமானதாகவோ இருந்தால், முதற்பாகத்தை உடையும் நிலையிலேயே விட்டு, அதன் உதிரியை இரண்டு வாங்கி வைப்பதே இலாபம்.

நடைமுறையில் இதை அறிய, வாங்கிய வண்டியை எந்த மாற்றமும் இன்றி ஏழெட்டு முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் உடைந்ததையும் தேய்ந்ததையும் ஒரு தாளில் குறித்துவர வேண்டும். ஒருமுறை உடைந்தது விபத்து. ஒரே பாகம் மூன்றாம் முறையும் உடைந்தால் அதுவே மாற்றத்துக்கு உரியது. பெட்டியைப் பிரிக்குமுன்பே பளபளக்கும் நீல, சிவப்பு அலுமினியப் பாகங்களின் முழுத் தொகுதியை வாங்குவோர் பலர். அத்தொகுதிகள் பெரும்பாலும் வண்டியின் எடையைக் கூட்டுவதைத் தவிர வேறு பயன் தருவதில்லை.

மூன்றாம் படி: பேரிங்

பேராவூரணி மண்ணில் முதற்செலவு பேரிங்குக்கே உரியது. தமியாவின் பல கூட்டுப்பெட்டிகள் பிளாஸ்டிக் புஷ்ஷுகளுடன், அதாவது குண்டுகள் இல்லாத வெறும் வளையங்களுடன் வருகின்றன; மணல் புகுந்தால் அவை ஓட்டை அகன்று அச்சை ஆடவிடும், அச்சு ஆடினால் பற்சக்கரங்களின் பொருத்தம் கெடும். பேரிங்குடன் வரும் வண்டிகளிலும் அது எவ்வகை உறையுடையது என்று பார்க்க வேண்டும். ‘இசட்.இசட்.’ என்று பொறிக்கப்பட்டது இருபுறமும் உலோகத் தகடு மூடியது. தகட்டுக்கும் உள்வளையத்துக்கும் இடையில் மெல்லிய இடைவெளி உண்டு, அதன் வழியே செந்தூள் போகும். ‘2ஆர்.எஸ்.’ என்பது இருபுறமும் ரப்பர் உறை கொண்டது. சுழற்சி சற்றுக் கனமாக இருந்தாலும் தூளையும் நீரையும் நெடுநேரம் தடுக்கும். இங்கே தேவைப்படுவது இரண்டாம் வகை. பந்தயத் தளத்துக்காக விற்கப்படும் பீங்கான் குண்டுப் பேரிங்குகள் இம்மண்ணுக்கு வீண்செலவு.

வண்டிப் பெயரைச் சொல்லி இணையத்தில் தொகுதியாக வாங்குவதைவிட எண்ணைச் சொல்லி வாங்குவது மலிவு. பத்தில் ஒரு பங்கு வண்டிகளில் மிகுதியாகப் பயன்படும் 5 மி.மீ. உள்விட்டம், 11 மி.மீ. வெளிவிட்டம், 4 மி.மீ. தடிமன் கொண்ட பேரிங்கின் பொது எண் எம்.ஆர்.115, வெளிவிட்டம் 10 மி.மீ. ஆனால் எம்.ஆர்.105. மின்விசிறிக்கு 6202 கேட்டு வாங்கும் அதே முறையில் பேரிங் கடையில் இவ்வெண்ணைச் சொல்லி, 2ஆர்.எஸ். வேண்டும் என்று கேட்கலாம். கடையில் இருப்பு இல்லையென்றாலும் வரவழைக்க எண் போதும். வெர்னியர் கருவியால் மூன்று அளவுகளையும் எடுத்துச் செல்வது தவறான வாங்கலைத் தவிர்க்கும். நாருக்கு மருந்து பேரிங்கில் இல்லை. சக்கரத்தின் உட்பக்கம் அச்சின்மீது சிறு ரப்பர் வளையம் ஒன்றைச் செருகி வைத்தால் நார் அதன்மேல் சுற்றும், பேரிங்கின் உறை தப்பும்.

நான்காம் படி: நைலானா, அலுமினியமா

சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் முக்கோணக் கை, ஆர்ம் எனப்படும். இதை அலுமினியத்தில் மாற்றுவதே புதியவர்கள் முதலில் செய்யும் தவறு. நைலான் கை அடிபட்டால் வளைந்து பழைய நிலைக்கு மீளும், மீள முடியாத அடியில் உடையும். அலுமினியக் கை வளைந்தால் வளைந்தபடியே நின்று சக்கரத்தைக் கோணலாக்கும், வளையாத அளவு தடிமனாக இருந்தால் அடியை அடிச்சட்டத்துக்கோ கியர்ப் பெட்டியின் உறைக்கோ அனுப்பிவிடும். ஷியர் போல்ட்டின் இடத்தில் நிற்க வேண்டியது இந்தக் கைதான். வலுவான கை தேவையென்றால் ஆர்.பி.எம். போன்ற நிறுவனங்கள் தடித்த நைலானில் வார்க்கும் கைகளே தகுந்த மாற்று. நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய நைலான் நெகிழும், முற்றிலும் உலர்ந்தது முறியும். புதிய நைலான் பாகங்களைக் கொதிநீரில் சிறிது நேரம் இட்டெடுத்துப் பூட்டும் பழக்கம் இதனால் எழுந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை இயற்கையே ஓரளவு செய்துவிடும்.

அலுமினியத்துக்கு உரிய இடங்களும் உண்டு. மோட்டாரைத் தாங்கும் தகடு அலுமினியமானால் வெப்பத்தை இழுத்து வெளிவிடும், பற்சக்கரப் பொருத்தமும் நிலைக்கும். சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் அறுகோணத் துண்டு, அதாவது ஹெக்ஸ், பிளாஸ்டிக்காக இருந்தால் உள்ளே வழுக்கித் தேயும். அதை 12 மி.மீ. அலுமினியத்தில் மாற்றுவது சிறு செலவில் நிறைந்த பயன் தரும். ஷாக்கின் மேல்மூடியும் அப்படியே: உயரத்திலிருந்து விழும்போது பிளாஸ்டிக் மூடி மரை கழன்று தெறித்து எண்ணெய் முழுவதும் சிந்திவிடுவதால், மூடியை மட்டும் அலுமினியமாக்கினால் போதும், முழு ஷாக்கையும் மாற்ற வேண்டியதில்லை.

மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டுகள் பிளாஸ்டிக்காக இருந்து முறுக்கி அறுந்துகொண்டே இருந்தால் எஃகுத் தண்டுகள் பூட்டலாம். ஆனால் அவ்வாறு பூட்டியதும் பாதுகாப்பு முழுவதும் ஸ்லிப்பர் கிளட்சின்மேல் விழும். இது பெரிய பற்சக்கரத்தின் முகத்தில், குறித்த அளவுக்கு மேல் முறுக்கு வந்தால் வழுக்கும்படி வில்லால் அழுத்தி வைக்கப்பட்ட தகடு; அறுந்துபோகாத ஷியர் போல்ட் என்று இதைக் கொள்ளலாம். நின்ற நிலையிலிருந்து முழுவேகம் கொடுக்கும்போது ஓரிரண்டு அடித் தொலைவுக்கு மட்டும் அது வழுக்கும் மெல்லிய கீச்சொலி கேட்டால் இறுக்கம் சரி. ஒலியே இல்லையென்றால் மிகை, ஓயாது கேட்டால் குறை. உலோகத்தோடு உலோகம் சேரும் ஒவ்வொரு திருகிலும் நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு வேண்டும்; பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகில் அதை இடக் கூடாது, சிலவகைப் பிளாஸ்டிக்கை அது வெடிக்கச் செய்யும்.

அடிச்சட்டத்தின் கீழே பூட்டும் காப்புத் தகட்டுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. போர்வெல் வேலையில் மீந்த ஹெச்.டி.பி.இ. குழாய்த் துண்டைப் பிளந்து, சூடேற்றி இளக்கித் தட்டையாக அழுத்தினால் வழுவழுப்பான தகடு கிடைக்கும். வரப்பின் மேல் வண்டி வயிறு தட்டினாலும் வழுக்கிச் சென்றுவிடும்.

ஐந்தாம் படி: ஸ்டியரிங்

முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்ப் பெட்டி சர்வோ எனப்படும். அதன் வலிமை கிலோகிராம்-செ.மீ. என்னும் முறுக்கு அளவால் குறிக்கப்படுகிறது. ஈரமண்ணில் பெரிய சக்கரத்தைத் திருப்ப 15 முதல் 20 வரையான முறுக்கும் உலோகப் பற்களும் கொண்ட, நீர் புகாத சர்வோ போதும்; அதற்கு மேலான எண்கள் விளம்பரத்துக்கே உதவும். வலிய சர்வோ மிகுந்த மின்னோட்டத்தை இழுப்பதால், இ.எஸ்.சி. என்னும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி, ரிமோட்டின் அலையை வாங்கும் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் வழங்கும் மின்சாரம் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்தே வாங்க வேண்டும். தாங்காதபோது மின்னழுத்தம் கணநேரம் சரிந்து ரிசீவர் அணைந்து எரியும், வண்டி ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் போகும். ரிமோட்டின் மேல் பழி போட்டுப் புது ரிமோட் வாங்குவோர் இவ்விடத்தில்தான் ஏமாறுகின்றனர். சக்கரத்தில் விழும் அடியைச் சர்வோவின் பற்களுக்கு விடாமல் வாங்கிக்கொள்ளும் வில்லமைப்பை, அதாவது சர்வோ சேவரை, எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது.

ஆறாம் படி: சக்கரமும் பற்சக்கரமும்

டயர் மாற்றம் தோற்றத்துக்கானது என்று எண்ணுவோர் மறப்பது, டயரின் விட்டமும் பற்சக்கர விகிதமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதை. 125 மி.மீ. விட்டமுள்ள டயருக்குப் பதிலாக 150 மி.மீ. டயர் பூட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 20 விழுக்காடு கூடுதல் தொலைவு போகும். மோட்டாருக்கு அது அதே அளவு கூடுதல் சுமை. மோட்டார்த் தண்டிலுள்ள சிறு பற்சக்கரமான பினியனில் 18 பற்கள் இருந்தால் 15 பற்களுள்ளதாகக் குறைத்தால்தான் பழைய சுமைக்குத் திரும்பலாம். பினியனை மாற்றும்போது, பெரிய பற்சக்கரமான ஸ்பர் கியரின் பல்லளவும் பினியனின் பல்லளவும் ஒன்றாக இருப்பதை உறுதிசெய்து, இரண்டுக்கும் இடையில் நோட்டுத்தாள் கீற்று ஒன்றைச் செருகி மோட்டாரை இறுக்கிப் பின் தாளை உருவினால் சரியான இடைவெளி கிடைக்கும்.

டயரின் வடிவத்தைப் பொறுத்தவரை, சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டுவது ஏன் என்று அறிந்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. வறண்ட தாள் வயலுக்கு நெருங்கிய முட்களுள்ள டயர். ஈர நிலத்துக்கு அகன்ற இடைவெளியும் உயர்ந்த குறுக்குக் கட்டைகளும் உள்ள, சேற்றை உதறும் டயர். கடற்கரை மணலுக்குத் துடுப்பு போன்ற தகடுகளுள்ள டயர். டயருக்குள் இருக்கும் பஞ்சு நீரை உறிஞ்சினால் சக்கரம் கனத்து அச்சை முறிக்கும். ஆகவே வளையத்திலுள்ள காற்றுத்துளையை ஒட்டு நாடாவால் அடைத்து, டயரின் நடுவில் சிறு துளையிரண்டு இட்டால், உள்ளே போன நீர் சுழற்சியில் வெளியே சிதறிவிடும்.

ஏழாம் படி: மோட்டாரும் பேட்டரியும், கடைசியில்

வேகத்துக்கான மாற்றத்தைக் கடைசிக்கு ஒதுக்கக் காரணம் உண்டு. பிரஷ் இல்லாத மோட்டாரில் ‘கே.வி.’ என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைக் குறிக்கும் எண். 3300 கே.வி. மோட்டாரை, 7.4 வோல்ட் தரும் இரண்டு அறை லிப்போ பேட்டரியில் இயக்கினால் நிமிடத்துக்கு 24,420 சுற்று; மொத்தப் பற்சக்கர விகிதம் 12 என்றும் டயர் 125 மி.மீ. என்றும் கொண்டால் கணக்கின்படி மணிக்கு ஏறத்தாழ 48 கி.மீ. வேகம். அதே வண்டியில் 11.1 வோல்ட் தரும் மூன்று அறைப் பேட்டரியை வைத்தால் 72 கி.மீ. ஆகும். வேகம் ஒன்றரை மடங்காகும்போது மோதலின் ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. நேற்றுவரை தென்னைமரத்தில் மோதித் தப்பிய கை இன்று தப்பாது. பேரிங், தண்டு, கிளட்சு ஆகியவை சரியான பின்பே இந்தப் படிக்கு வர வேண்டும் என்பது இதனால்தான்.

லிப்போ என்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒவ்வோர் அறையும் முழுமையாக ஏறினால் 4.2 வோல்ட், 3.2-க்குக் கீழே இறங்கவிடாமல் இ.எஸ்.சி.யில் வெட்டுநிலையை அமைக்க வேண்டும்; சில நாள் ஓட்டாமல் வைப்பதானால் 3.8-இல் நிறுத்தி வைக்க வேண்டும். பேட்டரியின் மேல் அச்சிட்ட ‘சி’ எண், கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்னோட்டத்தை அது தரும் என்பதைச் சொல்வது: 5000 மில்லி ஆம்பியர்-மணி, 50 சி என்றால் 250 ஆம்பியர். இவ்வெண் பல பேட்டரிகளில் மிகைப்படுத்தியே அச்சிடப்படுவதால், பாதியளவே உண்மை எனக் கொண்டு கணக்கிடுவது பாதுகாப்பு. சார்ஜரில் 1 சி, அதாவது இதே பேட்டரிக்கு 5 ஆம்பியர் அளவில், அறைகளைச் சமன்செய்யும் முறையில், ஆள் பார்வையில் ஏற்ற வேண்டும். வைக்கோற்போருக்கும் கீற்றுக் கொட்டகைக்கும் அருகில் ஒருபோதும் கூடாது. உப்பிய பேட்டரியை மறுபடி ஏற்றுவது தீயை அழைப்பது. வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள்ளும் பேட்டரியை விட்டுவைக்கக் கூடாது.

மோட்டாரின் மேற்பரப்பு 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் பினியனில் ஒரு பல்லைக் குறைக்க வேண்டும். அதை அளக்கத் தொழிற்கூட அகச்சிவப்பு வெப்பமானி தேவை. கொரோனாக் காலத்தில் வீடுதோறும் வாங்கிய நெற்றி வெப்பமானி பெரும்பாலும் உடல்வெப்ப எல்லைக்கு மேல் அளவு காட்டாது. மோட்டார் விசிறி பயன் தரும், ஆனால் சேற்றில் விசிறியே முதலில் நின்றுபோகும். ரிமோட்டைப் பொறுத்தவரை, இந்திய அரசு 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் இன்றித் திறந்துவிட்டதால், அவ்வலைவரிசையில் இயங்கும் எந்தத் தரமான ரிமோட்டும் போதும். இதில் மேம்பாடு என்று செலவழிக்க ஒன்றுமில்லை.

ஓட்டி முடித்த பின்

வாய்க்கால் நீரில் ஓடிய வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, காற்றடித்து உலர்த்தி, பேரிங்குகளில் மெல்லிய எண்ணெய் விட வேண்டும். உரமிட்ட வயலின் நீர் செம்பு, பித்தளை இணைப்புகளைப் பச்சை பூக்கச் செய்யும் என்பதால் மின் இணைப்புகளை உடனே துடைக்க வேண்டும். கடல்நீர் பட்டிருந்தால் நல்ல நீரில் இருமுறை அலசாமல் இரவைக் கடத்தக் கூடாது. பேட்டரி இருக்கும் வண்டியைக் கடல்நீரில் இறக்கவே கூடாது.

உதிரிபாகம் கூரியரில் வந்துசேர நாள்கள் ஆகும் ஊரில், கையிருப்புப் பெட்டியே கடைசி மேம்பாடு. அதில் முன்கை இரண்டு, பின்கை இரண்டு, ஸ்பர் கியர் ஒன்று, ஒரு பல் கூடியதும் குறைந்ததுமாகப் பினியன் இரண்டு, எம்.ஆர்.115 பேரிங் நான்கு, ஷாக் எண்ணெய் ஒரு புட்டி ஆகியவை இருந்தால் ஒரு பருவம் ஓடும். அவற்றோடு கூர்முனைக் கத்தரிக்கோல் ஒன்றும் வேண்டும். அச்சில் சுற்றிய நாரை விரலால் இழுத்தால் பேரிங்கின் உறையும் சேர்ந்து வந்துவிடும்.